பெயர் கழுவிப்போன சுருள்

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு "யார் அந்த யூனிஸ், உங்கள் சொந்தமா?" என்று கேட்கக் கூடாது.

கருப்பு வெள்ளை ஃபிலிமில் படம் எடுக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அதுவும் நிறையப் பேர். அவர்களுக்கென்று இணையத்தில் நீள நீளமான அட்டவணைகள் உண்டு. இந்த ஃபிலிமை இந்த மருந்தில் கழுவ வேண்டுமானால் ஒரு பங்கு மருந்துக்கு எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை டிகிரி சூடு, எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். சமையல் குறிப்பு மாதிரிதான், ஆனால் உப்பு குறைந்தால் பிறகு போட்டுக்கொள்ள முடியாத சமையல். அப்படி ஓர் அட்டவணையை வேலையற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஃபிலிமின் வரிசையில் மேலேயும் கீழேயும் எண்கள் இருக்க, நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தைத் தேடிக்கொண்டு வந்திருப்பார், காலி என்று பார்த்ததும் மறுபடி மேலிருந்து தேடியிருப்பார் என்று நினைத்தேன். அவர் யார், எந்த ஊர், அந்தச் சுருளில் அப்படி என்னதான் வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சித்தூரிலிருந்து பதில் வந்தது. வந்தது என்றால், நானாகக் கட்டிக்கொண்டேன் என்று அர்த்தம்.

2

தொடக்கங்கள்.

"சித்தூரின் பழைய மிஷன் வளாகத்துத் தேவாலயத்தின் மீது மாலை வெயில் பொன்னாக வழிந்து—"

போதும். வெயிலைப் பொன்னாக வழியவிட்டே பாதிக் கதைகளைக் கெடுத்தாயிற்று.

"கேசியா அழுதுகொண்டிருந்தாள்."

எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் நீங்கள் ஏன் கூட உட்கார்ந்து அழ வேண்டும்? அடித்துவிட்டேன்.

"கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் யூனிஸ் ஃப்ரிட்ஜைக் கழுவினாள்."

இது நிற்கிறது. இதில் ஒரு குற்றம் நடந்திருக்கிறது, செய்தவளுக்கே அது தெரியவில்லை. அந்த வீட்டுப் பக்கமெல்லாம் கிறிஸ்மஸ் வந்தால் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவுவார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, திரைக்குச் சோப்பு, மின்விசிறிக்குக் குளியல். யூனிஸ் ஃப்ரிட்ஜில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்து வைத்தாள். கறிவேப்பிலை, நேற்றைய மீன் குழம்பு, மகள் கேசியா கதவுப் பக்கம் அடுக்கியிருந்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். டப்பாவுக்குள்ளே ஃபிலிம் சுருள். வெயில் படக் கூடாது, சூடு ஆகக் கூடாது என்று அவள் அங்கே வைத்திருந்தாள். டப்பாக்கள்மேல் காகித டேப்பில் எது என்ன ஃபிலிம் என்று எழுதி ஒட்டியிருந்தது. யூனிஸ் தேங்காய் நாரும் சோப்புமாகத் தேய்த்து, டப்பாக்களைப் பளபளவென்று திரும்ப அடுக்கிவிட்டாள்.

"இன்னாடி அப்டி பாக்கற? பிசுக்கு புடிச்சிக்கினு கெடந்துச்சி. தேய்ச்சி வெச்சிருக்கேன்."

"ம்மா, அதுமேல பேரு ஒட்டியிருந்துச்சே."

"பேரு இன்னாத்துக்கு? எல்லாம் ஒண்ணுபோலதான இருக்குது."

அதுதான் பிரச்சினை, எல்லாம் ஒன்றுபோல இருந்தன. கடையில் வாங்கிய சுருள் என்றால் உள்ளே இருக்கும் உருளையிலேயே பெயர் அச்சடித்திருக்கும். இவை அப்படியில்லை. திருப்பதியில் இருக்கும் நண்பன் சுதீர் மொத்தமாக நீளச் சுருள் வாங்கி, இருட்டில் அளந்து வெட்டி, பழைய வெற்று உருளைகளில் சுற்றித் தருவான். மூன்று வகை. வெளிச்சத்துக்கு மெதுவாக மசியும் நூறு, சட்டென்று மசியும் நானூறு, நடுவில் சினிமாக்காரர்களின் ஃபிலிம் ஒன்று, இருநூற்றைம்பது. எண் ஏற ஏற ஃபிலிமின் வேகம் ஏறும், வகைக்கு வகை கழுவும் நேரம் வேறு.

3

கேசியாவைச் சரியாக அறிமுகப்படுத்தவில்லை. திருப்பதியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. தினமும் காலையில் சித்தூரில் பஸ் ஏறி, புத்தலப்பட்டு தாண்டும்போது தூங்கி, சந்திரகிரியில் விழித்து, நாள் முழுக்க வருகிறவர்களின் மூக்கில் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு "இதி பாகுந்தா, அதி பாகுந்தா?" என்று தெலுங்கில் கேட்பாள். தமிழ் ஆள் என்று தெரிந்தால் "இதுவா, அதுவா, எது தெளிவு?" என்பாள். கதை எழுதுகிறவன் கேட்க வேண்டிய கேள்வியை அவள் சம்பளத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தை மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆசிர், நல்ல பையன், கதையில் அவனுக்கு வேலையில்லை.*

(* ஆசிருக்கு ஒரு காட்சி எழுதினேன். பூ வாங்கிக்கொண்டு வந்தான். திருப்பி அனுப்பிவிட்டேன்.)

யூனிஸுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கன்னத்தில் கட்டி வந்து, வேலூரில் ஆபரேஷன் ஆயிற்று. உயிர் பிழைத்தாள். இடது கன்னத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்கு முன் அவள் தேவாலயப் பாடகர் குழுவில் முன் வரிசையில் நின்று பாடியவள். இப்போது கடைசி பெஞ்சில், முந்தானையைக் கன்னத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். யாராவது படம் எடுக்கப் போனைத் தூக்கினால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

கல்யாணம் நிச்சயமான அன்றே சொல்லிவிட்டாள். "ஆராதனை முடிஞ்சி ஆல்ட்டர் முன்னாடி குடும்பப் போட்டோ எடுப்பாங்க இல்ல, அதுக்கு உங்க சித்தி நிக்கட்டும். நா பின்னாடி இருந்து பாத்துக்கறேன்."

கேசியா சண்டை போட்டாள், கெஞ்சினாள், ஆசிரின் அம்மாவை விட்டுப் பேசச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா மாசிலாமணி, இந்த வீட்டில் பேசுவதற்கு யூனிஸ் ஒருத்தி போதும் என்று நினைப்பவர், தாடையைச் சொறிந்துகொண்டார். அம்மா இல்லாத கல்யாணப் போட்டோவை வாழ்நாள் முழுக்கச் சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டுமே என்று கேசியா மறுபடியும் சண்டைக்குப் போனாள்.

புது வருஷத்துக்கு மறுநாள், மத்தியானம், யூனிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

"ஏன்டி, உன் அந்தப் பழைய கேமராவுல எடுத்தா ஒடனே தெரியுமா?"

"தெரியாதும்மா. கழுவணும். ஒரு வாரம், பத்து நாள் ஆவும்."

"போன்ல ஒடனே காட்டற. பாத்ததும் எனக்குத் தாங்கல, அழிச்சிடுன்றேன். இதுன்னா எனக்கும் பத்து நாளு கெடைக்கும் இல்ல?"

(இந்த வரியை நான் எழுதவில்லை. கடலை உரிக்கிற காட்சியில் அவளுக்கு நான் வைத்திருந்த வசனம், "உப்பு எங்கடி?" என்பதுதான்.)

"எடு. படத்த பாத்துட்டு சொல்றேன், கல்யாணத்துல நிக்கறதா வேணாமான்னு."

கேசியா ஃப்ரிட்ஜுக்கு ஓடினாள். பளபளக்கும் டப்பாக்கள், ஒன்றிலும் பெயர் இல்லை. சுதீருக்குப் போன் போட்டால் ஐந்து நிமிடம் பேசுவான், அதற்குள் அம்மா மனசு மாறிவிடும். கைக்கு வந்த ஒன்றை எடுத்து கேமராவில் போட்டாள். எதுவானாலும் நடுவாக இருக்கட்டும் என்று வேகத்தை இருநூறில் வைத்தாள். யூனிஸ் முந்தானையோடு இருக்கும்போதே முதல் படத்தை அழுத்தினாள், ஓடிவிடப் போகிறாளே என்ற பயத்தில். பிறகு யூனிஸ் கையைத் தளர்த்தினாள். முந்தானை தோளில் விழுந்தது. கேசியா எடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசிப் படத்தில் யூனிஸ் குக்கர் விசிலைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். என்ன ஃபிலிம் என்று தெரியாத ஒரு சுருள், இன்னொரு முறை உட்காரமாட்டாத ஓர் அம்மா. குறைவாகக் கழுவினால் படம் வராது. அதிகமாகக் கழுவினால் முகம் கருகிப்போகும்.

4

சுதீரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

இந்த மாதிரிக் கதைகளில் எல்லாம் தெரிந்த ஒருவர் வந்து, ஒரு வார்த்தை சொல்லி, கதாநாயகியின் கண்ணைத் திறந்துவிட்டுப் போவார். சுதீர் அப்படி ஆகிவிடுவான் என்று பயந்தேன். அதனால் அவனை நேரில் வரவிடவில்லை. போனோடு சரி.

"லேது கேசியா, பக்கா நானூறு," என்றான் சுதீர், பாதி தெலுங்கில். "உனக்கு நா குடுத்ததுல முக்காவாசி நானூறுதான். கண்ண மூடிக்கினு கழுவு."

"முக்காவாசின்னா மீதி?"

"மீதி... அது வேற. ஆனா இது நானூறுதான், நா சொல்றேன் கதா."

கண்ணை மூடிக்கொண்டு கழுவ அவள் தயாராக இல்லை. கண்ணைத் திறக்க வைப்பதுதான் அவள் வேலையே.

5

ஒரு வழி இருந்தது, எல்லாருக்கும் தெரிந்த வழிதான். கை இரண்டையும் கருப்புத் துணிப்பைக்குள் விட்டு, வெளிச்சம் படாமல் உருளையைத் திறந்து, சுருளின் நுனியில் ஒரு துண்டு வெட்டி எடுப்பது. அந்தத் துண்டை மட்டும் முதலில் கழுவிப் பார்ப்பது. ஓரத்தில் எழுத்து ஏதாவது தெரிந்தால் என்ன ஃபிலிம் என்று புரியும். படத்தின் கனத்தைப் பார்த்து, மீதிக்கு நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஆனால் வெட்டினால் ஒரு படம் போகும். மிஞ்சினால் இரண்டு. சுருளுக்கு இரண்டு நுனி. ஒரு நுனியில் முதல் படம், அம்மா முதன்முதலாகச் சரி என்று உட்கார்ந்தது. மறு நுனியில் கடைசிப் படம், சிரிப்பு.

இங்கே மூன்று பக்கத்துக்கு ஒரு மனப்போராட்டம் எழுதுவதாக இருந்தேன். கேசியா பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து யோசிப்பாள். கடையில் யாருக்கோ லென்ஸ் மாட்டும்போது "இதுவா, அதுவா" என்று கேட்டுவிட்டுத் தானே நின்றுவிடுவாள். மழை பெய்தாலும் பெய்யும். பாதி எழுதியும்விட்டேன்: "புத்தலப்பட்டில் பஸ் நின்றபோது அவள் மனதுக்குள்—"

அதற்குள் இந்தப் பெண் நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவிடமே கேட்டுவிட்டாள். நான் என்ன செய்ய?

"ம்மா, ஒரு படம் வெட்டணும். மொதல்ல இருக்கறதா, கடைசியில இருக்கறதா?"

யூனிஸ் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல எது?"

"நீ முந்தானைய போட்டுக்கினு இருந்தது."

"அத வெட்டு."

"அதாம்மா நீ மொதமொத ஒத்துக்கினு—"

"மூடிக்கினு இருக்கறதெல்லாம் ஒரு போட்டோவா? அத வெட்டுடி."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கேசியா அங்கேயே நின்றாள். அம்மா சொன்னதை அம்மாவே சரியாகக் கேட்டிருப்பாளா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. எனக்கும்தான். மூன்று பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, சாப்பிட்டபின். மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும். சித்தூர்க் குழாயில் தை மாதத்திலும் தண்ணீர் அதற்கு இறங்காது. ஃப்ரிட்ஜில் ஐஸ் இல்லை, கழுவியதிலிருந்து அது சரியாகக் குளிரவில்லை. மாசிலாமணி வெளியே போய் மீன்கடையிலிருந்து ஒரு பை ஐஸ் வாங்கி வந்தார். பக்கெட்டில் கொட்டி, நடுவில் மருந்துப் புட்டியை நிறுத்தினார். வீடெல்லாம் வஞ்சிர மீன் வாசனை.

"நைனா, மருந்துல கலக்கக் கூடாது."

"தெரியும்மா. வெளியதான நிக்குது." அவர் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

கேசியா துணிப்பைக்குள் கையை விட்டாள். விரலால் தடவி அளந்து, கத்தரிக்கோலை மூடித் திறந்தாள். வெட்டும்போது சத்தம் கேட்டது. யூனிஸும் கேட்டிருப்பாள், கதவருகேதான் நின்றுகொண்டிருந்தாள். மீதிச் சுருளை உருளைக்குள்ளேயே பத்திரமாக அடைத்துவைத்துவிட்டு, ஒரு பங்கு மருந்துக்கு ஐம்பது பங்கு தண்ணீர் கலந்து, துண்டைப் பத்து நிமிடம் கழுவினாள்.

துண்டு வந்தது. வெளிறி வந்தது, ஆனால் வந்தது. முந்தானைக்குள் ஓர் உருவம், நெகடிவில் முந்தானை கருப்பாக. ஓரத்தில் பொடி எழுத்து. கேசியா கடையில் பயன்படுத்துகிற பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தாள். சினிமா ஃபிலிம், இருநூற்றைம்பது. பக்கா நானூறு என்று சொன்ன சுதீருக்கு உடனே படம் பிடித்து அனுப்பினாள். அவனிடமிருந்து ஒரு கும்பிடு பொம்மை வந்தது.

அட்டவணையைத் திறந்தாள். அந்த ஃபிலிமைத் தேடி, அவள் மருந்தைத் தேடி, ஒன்றுக்கு ஐம்பதைத் தேடி, வரிசையில் விரலை நகர்த்தினாள். நூறில் வைத்து எடுத்திருந்தால் ஒரு நேரம், இருநூற்றைம்பதில் வைத்து எடுத்திருந்தால் ஒரு நேரம். இருநூறுக்கு நேராகக் கட்டம் காலி.

நான் பார்த்த அதே கட்டம். நான் அங்கே எதையும் நிரப்பிக் கொடுத்திருக்கலாம், எழுதுகிறவனுக்கு அவ்வளவு அதிகாரம் உண்டு. ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை. வெளிறிய துண்டை ஜன்னலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடிப் பார்த்தாள். இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பன்னிரண்டு என்று முடிவு செய்தாள். ஆதாரம் என்று கேட்டால், மூடிக்கொண்டிருந்த அந்த ஒரு படம்தான்.

7

முடிவுகள்.

(அ) பன்னிரண்டு நிமிடம் அச்சு அசலாகச் சரி. சுருள் காய்கிறது. யூனிஸ் தன் முகத்தைப் பார்க்கிறாள், கண்ணீர் வழிகிறது, "நா இவ்ளோ அழகா?" என்கிறாள். — பாயசத்தில் சர்க்கரை கொட்டிவிட்டது. வேண்டாம்.

(ஆ) சுருள் வெறுமையாக வருகிறது. கேசியா உடைந்துபோகிறாள். அம்மா அவளைத் தேற்றுகிறாள். — இப்படி முடித்தால் பெரிய எழுத்தாளர் என்பார்கள். யூனிஸ் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு வரவில்லை.

(இ) சுதீர் ஓடி வந்து—

சுதீர் வர வேண்டாம்.

நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேசியா துணிப்பைக்குள் வைத்தே சுருளை டேங்க்கில் ஏற்றினாள். கருப்பு பிளாஸ்டிக் டேங்க், மூடிவிட்டால் வெளிச்சம் நுழையாது, விளக்கைப் போட்டுக்கொண்டே கழுவலாம். மருந்தை ஊற்றி, போனில் பன்னிரண்டு நிமிடத்துக்கு அலாரம் வைத்து, சமையல் மேடையில் நிறுத்திவைத்தாள். நிமிடத்துக்கொரு தரம் டேங்க்கைத் தலைகீழாக்கி நிமிர்த்த வேண்டும். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. யூனிஸ் அவளுக்கு எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்குள் என்றாலும் கன்னத்தில் முந்தானை இருக்கும், அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. இப்போது இல்லை. ஐஸ் பக்கெட்டைத் தூக்கி இறக்கும்போது இடுப்பில் செருகியவள் மறந்துவிட்டாளோ என்னவோ.

"கேசியா, அன்னிக்கு நா எந்தப் பக்கம் நிக்கணும்?"

"என்னிக்கு?"

"கல்யாணத்தன்னிக்குடி, போட்டோவுக்கு. இந்தக் கன்னம் உன் பக்கம் வரணுமா, ஜனங்க பக்கம் வரணுமா?"

கேசியா டேங்க்கைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"நீ இன்னும் படத்த பாக்கவே இல்லியேம்மா. பாத்துட்டு சொல்றேன்னு சொன்ன."

"பாத்துக்கலாம். ரவிக்க தெய்க்கக் குடுக்கணும், டைலர் பத்மாவதி இன்னிக்குக்கூட கேட்டா, இன்னா கலருன்னு. நா பின்னாடி பெஞ்சில உக்கார்றதா இருந்தா பழசே போதும். நிக்கறதுன்னா புதுசு தெய்க்கணும் இல்ல?"

"என் பக்கம் நில்லும்மா. எனக்கு ஒட்டி நில்லு. எந்தக் கன்னமா இருந்தா இன்னா?"

"அதான எந்தப் பக்கம்னு கேக்கறேன். இவளக் கேட்டா கண்ண கசக்கிக்கினு நிக்கறா."

கேசியா அழுதாள். (பார்த்தீர்களா, இப்போது அழுதால் உங்களுக்குக் காரணம் தெரியும்.) அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், டேங்க் இருவருக்கும் நடுவில் இடித்தது. யூனிஸ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, பச்சையா, அரக்கா, அரக்கு என்றால் கருப்பாக இருப்பவளுக்கு எடுக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பச்சை என்று முடிவாயிற்று. பிறகு கைக்கு ஜரிகை வேண்டுமா என்ற பேச்சு வந்தது. வெளியே இருந்து மாசிலாமணியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அந்தப் போனு எப்பலர்ந்தோ அடிச்சிக்கினே இருக்குது," என்றாள் யூனிஸ். "யாருன்னு எடுத்துக் கேளுடி."

8

பன்னிரண்டு நிமிடம் என்று அத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்தாள். எவ்வளவு தாண்டிப்போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஜரிகைப் பேச்சை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா போட்டோவுக்கு நிற்கிறேன் என்று சொன்னதைக் கேட்டதால் கூடிப்போன நேரத்துக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது. கொஞ்சம்தான் கூடியிருந்தால் கருமை தூக்கலாக இருக்கும், கன்னத்துப் பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும், அவ்வளவுதான். நிறையக் கூடியிருந்தால் எப்படி வரும் என்று கேசியா அலறியடித்துக்கொண்டு மருந்தைக் கொட்டும்போது யோசிக்கவில்லை. படத்தை நிலைக்க வைக்கும் அடுத்த மருந்தை ஊற்றினாள், அதற்கான நேரமும் முடிந்தது. இப்போது டேங்க் சமையல் மேடையில் இருக்கிறது. மூடியைத் திறக்கலாம், இனி வெளிச்சம் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

நான் திறக்கமாட்டேன். திறந்தால் (அ), (ஆ) இரண்டில் ஒன்றை எழுத வேண்டி வரும். யூனிஸ் இரண்டுக்கும் காத்திருக்கவில்லை, அவள் பச்சை ரவிக்கைத் துணியைத் தேடி பீரோவைக் கலைத்துக்கொண்டிருக்கிறாள். படம் எப்படி வந்தாலும் ஆல்ட்டருக்கு முன்னால் கேசியாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கப் போகிறாள். எனக்கு அது போதும்.

உங்களுக்குப் போதாது என்றால் மூடியை நீங்கள் திருகுங்கள். இடப்பக்கமாகத் திருக வேண்டும், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். சுருளை வெளியே எடுத்ததும் நீங்கள் பார்க்காதீர்கள். முதலில் யூனிஸைக் கூப்பிட்டுக் கையில் கொடுங்கள். ஈரமாக இருக்கும், ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.